குரோமியம் குடித்த நிலம்

அந்த நிலத்தை நான் முதலில் பார்த்தது ஒரு பஸ் ஜன்னலிலிருந்து. தொண்ணூறுகளின் பிற்பகுதி. அம்மையார்குப்பத்தில் ஒரு தோழி வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திருத்தணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். முந்தின நாள் நல்ல மழை. வழியெல்லாம் வயல்களில் செம்மண் கலங்கின தண்ணீர் தேங்கி நின்றது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் தண்ணீர் எலுமிச்சைப் பழத்தின் நிறத்தில் இருந்தது.

எனக்கு அந்த நிறம் தெரியும். அப்போது நான் அரக்கோணம் பக்கத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். சென்னையில் பகுதிநேர ஆராய்ச்சிக்கும் பதிவு செய்திருந்தேன். உலோகத்தால் கெட்டுப்போன மண்ணைச் செடிகளையும் மண்ணிலுள்ள பாக்டீரியாவையும் வைத்துச் சரிசெய்ய முடியுமா என்பதுதான் என் ஆராய்ச்சி. எங்கள் ஆய்வுக்கூடத்தில் குரோமியக் கரைசல் இதே நிறத்தில் கண்ணாடிக் குடுவைகளில் நிற்கும். குடுவையில் இருக்க வேண்டியது வயலில் கிடக்கிறதே என்று எழுந்து நின்றுவிட்டேன். கண்டக்டர் “இங்க ஸ்டாப்பிங் இல்லம்மா” என்றார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு திரும்பி நடந்தேன்.

வரப்பில் ஒரு பெண் கையில் குச்சியோடு ஆடுகளை விரட்டிக்கொண்டிருந்தாள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவளாக இருக்கலாம். நான் குனிந்து தண்ணீரைப் பார்ப்பதைக் கண்டு கத்தினாள்.

“ஏம்மா, அதுல காலு வெக்காத! புண்ணு வந்துடும்.”

“இது எப்படிக்கா மஞ்சளாச்சு?”

“இன்னா, நீ கெவருமெண்டு ஆளா?”

இல்லை, வாத்தியார் வேலை என்றேன். அவள் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம் தெரிந்தது. ஆனாலும் சொன்னாள். அவளும் அவள் கணவரும் கூலி வேலை செய்தே வாங்கின நிலம் அது. ரோட்டை ஒட்டின முன்மூலையை வாடகைக்குக் கேட்டு வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். ஷெட் போட்டு, இரும்புச் சாமான்களுக்குக் குரோம் பூச்சுப் போடும் பிளேட்டிங் கம்பெனி ஆரம்பித்தார். அவள் கணவருக்கு அங்கேயே வேலையும் கொடுத்தார். பூச்சுப் போட்டு மீந்த ஆசிட் தண்ணீரை ஷெட்டுக்குப் பின்னால் ஒரு பள்ளத்தில் ஊற்றினார்கள். வருஷக்கணக்கில் ஊற்றினார்கள். முதலில் வேர்க்கடலை காய்ந்தது, அப்புறம் கிணற்றுத் தண்ணீர் மஞ்சளானது. பிறகு ஒருநாள் கம்பெனிக்காரர் மெஷின்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். சிமென்ட் தொட்டிகள் மட்டும் மிச்சம்.

“எங்க பாவா இந்தப் பக்கமே வர மாட்டாரு” என்றாள். கணவரை அவள் ‘பாவா’ என்றுதான் சொல்வாள். அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் தமிழும் தெலுங்கும் ஒரே பானையில்தான் வேகும்.

என் பேராசிரியரிடம் அனுமதி வாங்கி, அந்த நிலத்திலேயே ஆராய்ச்சி செய்வதென்று முடிவு செய்தேன். குரோமியம் கெடுத்த மண் வேண்டுமென்றால் எல்லோரும் தோல் பதனிடும் ஊர்களுக்குத்தான் போவார்கள். எனக்கு வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் கிடைத்தது அதிர்ஷ்டம் என்று அப்போது நினைத்தேன். அது இன்னொருவருடைய துரதிர்ஷ்டம் என்பது உறைக்கச் சில மாதங்கள் ஆயின.

முதலில் கடுகு விதைத்தேன். கடுகுச்செடி உலோகத்தை நன்றாக உறிஞ்சும் என்று படித்திருந்தேன். முளைத்தது, இரண்டு இலை விட்டது, நுனி கருகிச் செத்தது. சூரியகாந்தி அந்த அளவுக்குக்கூட வரவில்லை. அக்கா வரப்பில் நின்று பார்த்தாள்.  அந்தப் பார்வையில், படித்தவள் வந்திருக்கிறாள் என்று அவளுக்கு லேசாக ஒரு நம்பிக்கை இருந்ததும் அது இப்போது வடிந்துகொண்டிருப்பதும் எனக்குத் தெரிந்தது. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அந்தப் பொட்டல் நிலத்தில் ஒரே ஒரு மூலையில் கோரைப்புல் பச்சையாக நின்றது. பக்கத்து நிலத்து மாட்டுக்கொட்டகையைக் கழுவிவிடும் தண்ணீர் அந்த மூலை வழியாகத்தான் ஓடும். முதலில் நான் அதைக் கவனித்தும் பொருட்படுத்தவில்லை. என் கடுகெல்லாம் செத்த பிறகுதான், இது மட்டும் எப்படிச் சாகாமல் இருக்கிறது என்று உட்கார்ந்து யோசித்தேன். கோரையைக் கிழங்கோடு பிடுங்கி, வேரில் ஒட்டின மண்ணைப் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனேன். மணவூரில் ஏறிய பூக்காரம்மா பக்கத்தில் உட்கார்ந்து, “பையில இன்னாம்மா, பிரசாதமா?” என்றாள். திருத்தணியிலிருந்து வரும் வண்டியில் ஒருத்தி மடியில் பொட்டலம் என்றால் வேறென்ன நினைப்பாள்? மண் என்றேன். அவள் அதையும் சாமி சமாசாரம் என்றே எடுத்துக்கொண்டு பையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போனாள். அவசரமாக அவள் கையை விலக்கினேன். அந்தம்மாவுக்குக் கோபம். இந்த வண்டியில் வருகிறவளுகளுக்கே திமிர் என்று திருவள்ளூர் வரை யாரிடமோ சொல்லிக்கொண்டே வந்தாள்.

ஆய்வுக்கூடத்தில் அந்த மண்ணைக் கரைத்து, அதில் இருந்த பாக்டீரியாவைப் பிரித்து வளர்த்தேன். பிறகு அக்காவின் கிணற்றிலிருந்து எடுத்துவந்த மஞ்சள் தண்ணீர் உள்ள குடுவைகளில் விட்டேன். பாக்டீரியா இல்லாத குடுவையும் ஒன்று பக்கத்தில் இருந்தது. சில நாள் கழித்து ஒரு காலையில் வந்து பார்த்தபோது, பாக்டீரியா விட்ட குடுவைகள் வெளுத்திருந்தன. பக்கத்துக் குடுவை அப்படியே மஞ்சளாக நின்றது. நான் பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல் அவற்றை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கித் தூக்கிப் பார்த்தேன்.

குரோமியத்தில் இரண்டு குணம் உண்டு. ஒரு வடிவம் தண்ணீரில் எளிதாகக் கரையும், ஓடும், தோலைத் தின்னும். மஞ்சள் நிறம் அதற்குத்தான். இன்னொரு வடிவம் சாது. தண்ணீரோடு அவ்வளவாக ஓடாது, மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். அந்த வேரடியில் வாழ்ந்த பாக்டீரியா, கொடிய வடிவத்தைச் சாதுவாக மாற்றிக்கொண்டிருந்தது. சாணத் தண்ணீரில் அதற்குத் தீனி கிடைத்ததால் அந்த மூலையில் மட்டும் பெருகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு சின்ன பாட்டில்களில் மஞ்சள் தண்ணீரையும் வெளுத்த தண்ணீரையும் எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். அன்றுதான் அக்காவின் கணவரை முதல்முறையாக நேரில் பார்த்தேன். ஒல்லியான மனிதர். பாட்டிலை வாங்க அவர் கை நீட்டியபோது விரல் கணுக்களில் குழிகுழியாகப் பழைய புண்களின் தழும்பு. பேச்சு மூக்கால் வந்தது. குரோம் ஆவி அவர் மூக்குக்குள் நடுத்தடுப்பையே ஓட்டை போட்டிருந்தது என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

“இதுவும் எங்க கெணத்துத் தண்ணிதானா?” என்று வெளுத்த பாட்டிலைக் காட்டிக் கேட்டார்.

“ஆமாண்ணா. உங்க மண்ணுல இருக்கற கிருமிதான் மாத்தியிருக்கு.”

பாட்டிலை வெயிலுக்கு நேரே பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: “நான்தாம்மா ஊத்துனேன். பக்கெட்டு பக்கெட்டா. என் நெலத்துல நானே. இன்னா தண்ணின்னு அவன் சொல்லல, நானும் கேக்கல.”

அக்கா உள்ளிருந்து, “உடு பாவா, அதையே சொல்லிகினு” என்றாள். அந்தக் குரலிலிருந்தே அவர் அதை வீட்டில் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்பது தெரிந்தது.

அடுத்த ஞாயிறு நான் நிலத்துக்குப் போனபோது அவர் மண்வெட்டியோடு எனக்கு முன்பே வந்து நின்றிருந்தார்.

வயல் முழுக்க அந்த பாக்டீரியாவைப் பெருக்க வேண்டுமானால் அதற்குத் தீனி போட வேண்டும். சர்க்கரை ஆலையில் கடைசியாக மிஞ்சும் கருப்பான கழிவுப்பாகு மலிவானது, பாக்டீரியாவுக்குப் பிரியமானது. டிரம் டிரம்மாக வாங்கி வந்தோம். அண்ணா சின்னச் சின்னக் கால்வாயாக வெட்டினார். வளர்த்த பாக்டீரியாவைப் பாகுத் தண்ணீரிலும் சாணத்திலும் கலந்து ஊற்றி, மேலே மண் தள்ளி ஈரமாகவே வைத்தோம். சித்திரை வெயிலில் அது நுரைத்துப் புளித்தது. ரோட்டில் போகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்ளும் வாசனை. சிலர் பொத்திக்கொள்ளவில்லை, நின்று இழுத்துப் பார்த்தார்கள்.

ஒரு மத்தியானம் போலீஸ் ஜீப் வந்து நின்றது. ஆந்திர எல்லையை ஒட்டின ஊர் என்பதால் கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவர்களைத் தேடி அவர்கள் அடிக்கடி சுற்றுவதுண்டு. இறங்கி வந்த ஏட்டையா டிரம்மை லத்தியால் தட்டினார்.

“எவ்ளோ நாளா நடக்குது இது?”

அண்ணா மண்வெட்டியைக் கீழே போட்டார். நான் சேற்றுக் கையோடு ஓடி வந்தேன். “சார், இது சாராயம் இல்ல. மண்ணுக்கு ஊத்தறோம்.”

“வெல்லப்பாகைப் புளிக்க வெச்சு மண்ணுக்கு ஊத்தறீங்க?”

“ஆங், மண்ணுல இருக்கற பாக்டீரியாவுக்கு, சார்.”

“பாக்டீரியாவுக்கு.” பின்னால் நின்ற கான்ஸ்டபிளைத் திரும்பிப் பார்த்தார். “கேட்டுகினியா? பாக்டீரியா குடிக்குதாம்.”

கல்லூரி அடையாள அட்டையைக் காட்டினேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. கால்வாயில் குனிந்து உள்ளங்கையில் மொண்டு நாக்கில் வைத்துப் பார்க்கப் போனார். அண்ணா பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். 

“வாணாங்க ஐயா” என்று தன் விரல்களை விரித்துக் காட்டினார். “இதப் பாருங்க. இந்த மண்ணு பண்ணது.”

ஏட்டையா அந்தக் குழிகளைப் பார்த்தார். கையிலிருந்ததைக் கீழே விட்டு, ஜீப்பில் இருந்த தண்ணீரில் முழங்கை வரை கழுவினார். போகும்போது, “கீரை காய்னு எதையும் போட்டுத் தொலைக்காதீங்க” என்று மட்டும் சொன்னார். அக்கா அதைச் சொல்லிச் சொல்லி அந்த வருஷம் முழுக்கச் சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இரண்டாவது மழைக்காலத்துக்குப் பிறகு, தேங்கிய தண்ணீரின் மஞ்சள் கரைந்து வைக்கோல் நிறத்துக்கு வந்தது. பிறகு அதுவும் போனது. கிணறு இன்னும் மெதுவாகத் தெளிந்தது. மண்ணை இறுக்கிப் பிடிக்க ஓரமெல்லாம் வெட்டிவேர் நட்டோம். நடுவில் செண்டுமல்லி. இரண்டும் உலோகத்தைத் தாங்கும், தின்கிற பயிரும் இல்லை. இந்த முறை செடி கருகவில்லை. அக்கா தினமும் காலையில் வந்து ஒவ்வொரு வரிசையாக நடந்து பார்த்தாள்.

அப்படி ஒருநாள் நடந்துகொண்டே கேட்டாள்: “டீச்சரம்மா, ஒண்ணு கேக்கறேன், நெசத்தச் சொல்லு. அந்த வெஷம் போயிடுச்சா, இல்ல தூங்குதா?”

நான் எத்தனையோ கருத்தரங்குகளில் இதே கேள்வியைக் கனத்த சொற்களில் கேட்டிருக்கிறேன். யாரும் இவ்வளவு சுருக்கமாகக் கேட்டதில்லை. உலோகம் அழியாது. செடி உறிஞ்சியது கொஞ்சம்தான், அதையும் பெரும்பாலும் வேரிலேயே வைத்துக்கொள்கிறது. மற்றதெல்லாம் சாதுவாக மாறி அங்கேயேதான் கிடக்கிறது.

“தூங்குதுக்கா” என்றேன்.

“எந்திரிக்குமா?”

“சுலபத்துல எந்திரிக்காது. ஆனா இங்க மறுபடியும் யாரும் ஆசிட் கீசிட் ஊத்தக் கூடாது. நாம பார்த்துக்கிட்டே இருக்கணும்.”

 “சரி, எங்களுக்கும் வேற எங்க போறதுக்கு கீது” என்றுவிட்டு வரிசையில் நடந்தாள். போய்விட்டது என்று நான் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். அன்று ரயிலில் போகும்போது அதை நினைத்து எனக்குப் பயமாக இருந்தது.

ஆடி பிறந்தது. எங்கள் ஊரில் ஆடிக் கிருத்திகை என்றால் மலையே மஞ்சள் துணி உடுத்திக்கொள்ளும். பூக்காவடிகள் லட்சக்கணக்கில் ஏறும். திருத்தணி பூக்கடைகளில் எவ்வளவு பூ வந்தாலும் போதாது. சரியாக அந்த நேரத்தில் எங்கள் செண்டுமல்லியும் பூத்துத் தள்ளியது.

அண்ணா என்னிடம் வந்து தயங்கித் தயங்கி நின்றார். “கைப்புண்ணு ஆறணும்னு ஒரு காவடி வேண்டுதல் கீதும்மா. எல்லா வருசமும் தள்ளிகினே போவுது. இந்தப் பூவுலயே கட்டி எடுத்துகினு போலாம்னு...”

 காவடிப் பூவை வழியில் குழந்தைகள் பிய்த்துக் கேட்கும். பெண்கள் தலையில் வைத்துக்கொள்வார்கள். படியில் உதிர்ந்ததை ஆடு தின்னும். வேரில்தான் உலோகம் தங்கும் என்று புத்தகம் சொல்கிறது. இந்தப் பூவை நான் இன்னும் சோதிக்கவில்லை. பூக்களைப் பறித்துச் சென்னைக்குச் சோதனைக்குக் கொடுத்தேன். முடிவு வரும்வரை பொறுங்கள் என்றேன்.

என் அப்பா மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைப்பவர். எங்கள் குடும்பத்துக்குத் தலைமுறை தலைமுறையாக அதுதான் வேலை. இந்த மாதிரி நிலத்தில் பூத்ததைச் சாமிக்குப் போடலாமா என்று அவரிடம் கேட்டேன். அவர் புளியோதரைக்கு எள் வறுத்துக்கொண்டிருந்தார். “அது எனக்கு எப்படிம்மா தெரியும்? நான் சாதம் கிளறுறவன்” என்று சொல்லிவிட்டு, எள் கருகிவிடுமே என்று திரும்பிக்கொண்டார்.

முடிவு வருவதற்குள் கிருத்திகை முடிந்துவிட்டது. அண்ணா அந்த வருஷமும் காவடி எடுக்கவில்லை. கடையில் பூ வாங்கி எடுத்திருக்கலாமே என்று அக்காவிடம் கேட்டேன். “வாங்குன பூவுல இல்லியாம், இந்தப் பூவுலதான் எடுக்கணுமாம். பாவா பிடிவாதம் உனுக்குத் தெரியாது” என்றாள். செடியில் பூ முற்றி வாடிக் காய்ந்தது. ஆய்வுக்கூடத்திலிருந்து கல்லூரி அலுவலகத்துக்குப் போன் வந்தபோது ஆவணி பாதி ஆகியிருந்தது. பூவில் குரோமியம் கருவிக்கே தெரியாத அளவு குறைவு. வேரில் நிறைய. செண்டுமல்லிச் செடிகளை வேரோடு பிடுங்கி, பழைய ஷெட்டின் சிமென்ட் தொட்டிகளில் போட்டு, மழை இறங்காதபடி தகரம் போட்டு மூடினோம். எரிக்கக் கூடாது என்பதை அண்ணாவிடம் விளக்கியபோது, “தெரியும்மா, பொகையாப் போயி இன்னொருத்தர் மூக்குல ஏறும்” என்றார்.

அடுத்த ஆடியில் அவர் காவடி எடுத்தார். சரவணப் பொய்கையில் குளித்துவிட்டு, மஞ்சள் வேட்டியில், முழுக்க எங்கள் நிலத்துச் செண்டுமல்லி கட்டிய காவடியோடு படியேறினார். அக்கா பக்கத்தில் செம்பில் பாலோடு வந்தாள். நான் கூட்டத்தில் கொஞ்சம் பின்தங்கி நடந்தேன். என் முன்னால் போன ஒரு சின்னப் பெண் காவடியிலிருந்து விழுந்த பூ ஒன்றை எடுத்து அம்மாவிடம் கொடுக்க, அம்மா அதை அவள் சடையில் செருகினாள். சோதனை முடிவு எனக்கு மனப்பாடம். இருந்தும் அந்தச் சடையிலிருந்து கண்ணை எடுக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

புண்கள் அவருக்கு எப்போதோ ஆறிவிட்டிருந்தன, மூக்கு சரியாகவில்லை. சரியாகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

என் ஆராய்ச்சி முடிந்து பட்டம் வந்தது. ஷெட்டிலிருந்து தள்ளியிருந்த கோடி நிலத்தில் மண்ணையும் தண்ணீரையும் பலமுறை சோதித்த பின், கடலை போட்டார்கள். அந்தக் கடலையையும் சோதித்த பிறகே வீட்டுக்கு எடுத்துப்போனார்கள். முன்மூலையில் மட்டும் இன்றுவரை வெட்டிவேரும் பூவும்தான்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்களில் அந்த ரோட்டில் வயல்களெல்லாம் மனைகளாக ஆரம்பித்தன. ஒருமுறை நான் போயிருந்தபோது ஒரு தரகரும், மனை போட்டு விற்கிற ஒருவரும் காரில் வந்து இறங்கினார்கள். ரோட்டை ஒட்டின முன்மூலைதான் அவர்களுக்கு வேண்டும். விலையெல்லாம் முன்பே பேசி, அக்காவுக்கும் அண்ணாவுக்கும் பிடித்தும் இருந்தது. பெண்ணுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்த நேரம்.

வந்தவர் வெட்டிவேர் வரிசையைப் பார்த்து, “ஜில்லுனு இருக்கே. இங்க போர் போட்டா தண்ணி நல்லா வருமா?” என்றார்.

தரகர், “தேனாட்டம் வரும் சார்” என்றார்.

அண்ணா அக்காவைப் பார்த்தார். அக்கா தலையை அசைக்கவில்லை, தடுக்கவும் இல்லை.

“தண்ணி வரும்” என்றார் அண்ணா, மூக்கால். “ஆனா இங்க முன்ன பிளேட்டிங் கம்பெனி இருந்துச்சுங்க. கீழ வெஷம் தூங்கிகினு கீது. வூடு கட்டி கொழந்த குட்டியோட இருக்கற எடம் இல்ல இது.”

தரகருக்கு முகம் சிவந்தது. வந்தவர் காலடி மண்ணை ஒருமுறை பார்த்தார், நகர்ந்து ரோட்டுக்குப் போய் நின்றுகொண்டார். கார் போன பிறகு தரகர் திரும்பி வந்து, “இன்னாயா நீ, வாய வெச்சுகினு சும்மா இருக்க மாட்டியா? அவனா வந்து தோண்டிப் பாக்கப் போறான்?” என்று கத்தினார்.

“தோண்ட மாட்டாரு. குடிப்பாரு” என்றார் அண்ணா.

தரகர் போன பிறகு நாங்கள் மூவரும் வரப்பில் நின்றோம். அக்கா முகம் இறுகியிருந்தது. கல்யாணப் பேச்சு என்ன ஆகுமோ என்ற கவலை அவளுக்கு. சண்டை வரும் என்று நினைத்தேன். அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, “அந்தக் கோடி நெலத்துல ஒரு துண்டக் குடுத்துடலாம் பாவா. அது சுத்தமான மண்ணுதான” என்றாள்.

அண்ணா என்னைப் பார்த்தார். “சுத்தந்தானேம்மா?”

“சுத்தந்தாண்ணா. போன மாசம்கூடப் பார்த்தேன்” என்றேன்.

அந்தத் துண்டை விற்ற பணத்தில்தான் பெண்ணின் கல்யாணம் நடந்தது. பள்ளிப்பட்டில் கொடுத்தார்கள். பந்தியில் எனக்கு இலை போட்டு, அக்காவே பக்கத்தில் நின்று பரிமாறினாள்.